சவாரிக்குள் இருக்கும் பாரம்

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை விட்டு உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் தொங்கும் பழைய ரயர்தான் அடையாளம். நான் இருப்பது வெள்ளவத்தையில். அங்கேயும் திருத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். என்றாலும் பின் சில்லு கோணிவிட்டால் அதைக் கழற்றி முச்சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத்தான் போவேன். அந்தக் கடைக்கார ஐயா கோட்டம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சில்லைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றுவார். பெருவிரல் நகத்தை விளிம்புக்கு நூலிடை தள்ளிப் பிடிப்பார். நகத்தில் உரசுகிற இடத்தில் சில்லை நிறுத்தி, அந்த இடத்துக் கம்பியைச் சிறு சாவியால் கால் சுற்று முறுக்குவார். மறுபடி சுழற்றுவார். உரசல் சத்தம் குறைந்து குறைந்து கடைசியில் காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சும்.

ஒரு மார்ச் மாதக் காலையில் போனபோது வானொலியில் சிங்கள நேர்முக வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

“உக்காருங்க தம்பி. சவாரி ஆரம்பிச்சிருச்சு. கேட்டுக்கிட்டே செஞ்சு தாறேன்” என்றார்.

சவாரி என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனதில் பாய்ந்தவை இரண்டு வெள்ளைக் காளைகள். நான் வடக்கில் பிறந்தவன். எங்களுக்குச் சவாரி என்றால் மாட்டு வண்டிச் சவாரிதான். அம்மப்பாவின் தோளில் இருந்து பார்த்த சவாரித் திடல், புழுதி, மாட்டின் வாயில் தொங்கும் நுரை, வண்டியின் ஏர்க்காலில் ஒரு காலும் ஆசனத்தில் ஒரு காலுமாக நின்று கத்துகிற மனிதர். இவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. கொழும்பு வானொலியில் மாட்டுச் சவாரியா என்று திகைத்து, “எந்த ஊரிலை ஐயா?” என்று கேட்டேன்.

“ரோட்டுல தம்பி. ஏர்ஃபோர்ஸ் சவாரி. சைக்கிள்.”

விமானப்படை ஆண்டுதோறும் நடத்துகிற சைக்கிள் போட்டி அது. சிங்களத்தில் ‘குவன் ஹமுதா பாபெதி சவாரிய’ என்பார்கள். விமானப்படையின் ஆண்டு நிறைவை ஒட்டி நடப்பது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. இராணுவமும் நடத்துகிறது, தொலைத்தொடர்பு நிறுவனமும் நடத்தியிருக்கிறது. எவர் நடத்தினாலும் பெயரின் வால் சவாரிதான். நாட்டின் நீண்ட தூரச் சைக்கிள் போட்டிகளுக்குச் சவாரி என்ற பெயரே பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. இத்தனை ஆண்டு கொழும்பில் இருந்தும் அந்தச் சொல்லை நான் கவனித்ததில்லை. அன்று கவனித்தேன். அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை.

முதலில் பக்கத்துச் சொல்லைப் பார்த்துவிடலாம். ‘பாபெதி’யில் இருக்கும் ‘பா’ பாதம். காலால் மிதித்துச் செலுத்துவது என்று பொருள். தமிழ்நாட்டார் சொல்லும் மிதிவண்டியின் உடன்பிறப்பு. நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளோ இன்னும் ‘துவிச்சக்கர வண்டி’யை விடவில்லை. துவி என்றால் வடமொழியில் இரண்டு. வேடிக்கை என்னவென்றால், மூன்று சில்லுள்ளது வந்தபோது அதை நாம் ‘திரிச்சக்கர வண்டி’ என்று சொல்லவில்லை, ‘முச்சக்கர வண்டி’ என்றோம். இரண்டை வடமொழியிலும் மூன்றைத் தமிழிலும் எண்ணுகிற மக்கள் நாங்கள். இரண்டு பெயருக்கும் இடையில் கழிந்த காலத்தில் தமிழ்ச் சொல்லாக்கத்தில் ஏற்பட்ட மாற்றம் அந்த ஓர் எழுத்தில் பதிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் யாரும் துவிச்சக்கர வண்டி என்று சொல்வதில்லை. லுமாலா, றலி என்று கம்பனிப் பெயரைச் சொல்வோம், அல்லது சைக்கிள். ‘சைக்கிள் ஓட்டு’ என்றுகூடச் சொல்லமாட்டோம். ‘சைக்கிள் ஓடு’ என்போம். “உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?” என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது விநோதமாகக் கேட்கிறது. ஓடுவது வண்டி, ஓட்டுவது மனிதர் என்பது அவர்கள் இலக்கணம். எங்கள் பேச்சில் ஓட்டுகிறவரும் வண்டியும் ஒன்றாகவே ஓடுகிறார்கள். ஏற்றம் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது பிழையாகத் தோன்றாது.

இனிச் சவாரி. சென்னையில் ஓட்டோக்காரரிடம் போய் “சவாரி வருமா?” என்றால் வாடகைக்கு வருவீர்களா என்று பொருள். காலையிலிருந்து ஒரு சவாரிகூடக் கிடைக்கவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டால், ஏறுகிற ஆள் கிடைக்கவில்லை என்கிறார். கொழும்பு முச்சக்கர வண்டிக்காரருக்கு இந்தப் பொருள் தெரியாது. அவருக்கு அது ‘ஹயர்’. சிங்களத்தில் சவாரிய என்றால் பயணம், உலாப் போவது. மைசூரில் தசராவின் கடைசி நாள் யானை ஊர்வலத்துக்கு ‘ஜம்பூ சவாரி’ என்று பெயர். குதிரைச் சவாரி, ஒட்டகச் சவாரி எல்லோருக்கும் தெரிந்தவை. யாழ்ப்பாணத்தில் மாடு. கொழும்பு வானொலியில் சைக்கிள். ஏறி உட்காருவது என்ற பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எதன்மேல் ஏறுவது என்பதை ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது இந்தச் சொல்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். யாலவுக்கு யானை பார்க்கப் போகிறவர்கள் சொல்லும் ‘சஃபாரி’க்கும் சவாரிக்கும் உறவு இல்லை. சஃபாரி அரபு மொழியின் சஃபர், அதாவது பயணம் என்ற சொல்லிலிருந்து, ஆபிரிக்காவின் சுவாகிலி வழியாக உலகம் சுற்றியது. நம் முஸ்லிம் மக்கள் பயணத்தைச் சஃபர் என்பது அந்தக் குடும்பம். ஓசை கிட்ட வந்ததால் இரண்டையும் ஒரே கொடியில் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டக் கூடாது.

சவாரியின் தாய்வீடு பாரசீகம். மிகப் பழைய பாரசீகத்தில் ‘அசபார’ என்றொரு சொல் இருந்தது. கி.மு. 486 இல் இறந்த பேரரசன் முதலாம் தாரியசின் கல்லறை நக்ஷ்-இ-ருஸ்தம் என்ற இடத்தில் மலைச்சுவரில் குடையப்பட்டிருக்கிறது. அங்கே வெட்டியிருக்கும் சாசனத்தில், தான் நல்ல வில்லாளி, நல்ல ஈட்டியாளன் என்று சொல்வதோடு நல்ல அசபாரன் என்றும் அவன் சொல்லிக்கொள்கிறான். குதிரைவீரன் என்று பொருள். அந்தச் சொல் நடுக்காலப் பாரசீகத்தில் ‘அஸ்வார்’ ஆகி, முன்னெழுத்தை உதிர்த்துச் ‘சவார்’ ஆயிற்று. சவார் செய்கிற வேலை சவாரி. முகலாயரோடும் தக்காணத்துச் சுல்தான்களோடும் மராட்டியரோடும் அது தெற்கே இறங்கியது. ஜீனி, லகான், சவுக்கு என்று குதிரை லாயத்துச் சொற்கள் வரிசையாகத் தமிழுக்குள் வந்தபோது அவற்றோடு வந்தது. பிரித்தானிய இந்திய இராணுவத்தில் குதிரைப்படைச் சிப்பாயின் பதவிப்பெயரே சவார்தான்.

அசபார என்ற சொல்லை இரண்டாகப் பிரித்தால் ‘அச’ குதிரை. வடமொழி அசுவத்தின் உறவு. ‘பார’ என்பது சுமத்தல் என்ற வேரிலிருந்து வருவது. வடமொழியில் அதே வேர் கொடுத்த சொல்தான் நாம் நாள்தோறும் சொல்லும் பாரம். மனதிலே பாரம், தலையிலே பாரம் என்கிறோமே, அதே பாரம். ஆக அசபாரன் என்பவன் குதிரையை அடக்கியவனோ ஓட்டியவனோ அல்லன், குதிரையால் சுமக்கப்பட்டவன். குதிரையின் முதுகில் இருக்கும் பாரம். பேரரசன் பெருமையாகத் தன் கல்லறையில் பொறித்த பட்டத்தின் உள்ளே அவனைச் சுமந்த மிருகத்தின் உழைப்பு சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏறியவரின் சொல் என்று நாம் நினைப்பது சுமந்தவரின் சொல்.

தமிழ் ஏறுவதற்குத் தன்னிடமே ஒரு சொல் வைத்திருந்தது: ஊர்தல். சங்கப் பாட்டுக்காரர்கள் யானை ஊர்ந்தார்கள், தேர் ஊர்ந்தார்கள், காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து மடல் ஊர்ந்தான். ஊர்தி அதிலிருந்து வந்தது. ஊர்தலில் வேகம் கிடையாது, இன்று வாகனங்கள் ஊர்ந்தன என்றால் காலி வீதியில் மாலை ஐந்து மணி என்று பொருள். ஊர்தலில் சுமையும் கிடையாது. சுமப்பதை நினைவில் வைத்திருப்பதற்கு வாகனம் என்ற வடசொல்லும் சவாரி என்ற பாரசீகச் சொல்லும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது.

வாகனம் என்றதும் கோவில். வேட்டைத் திருவிழாவன்று சாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளும். மரக்குதிரை, முன்னங்கால் இரண்டும் ஆகாயத்தில். சின்ன வயதில் நான் பார்த்ததெல்லாம் குதிரையைத்தான். பெரியவனான பிறகு ஒருமுறை கொம்புக்குத் தோள் கொடுத்தேன். அப்போதுதான் குதிரையைச் சுமப்பது யார் என்று தெரிந்தது. முன்வரிசையில் நிற்பவர் மேடு ஏறும்போது பின்வரிசைக்காரரின் தோளில் எடை முழுவதும் சரியும். வெற்றுத் தோளில் கொம்பு பதிந்த தடம் மூன்று நாள் நீலமாக இருந்தது.

கொட்டாஞ்சேனை ஐயா அந்தக் காலத்தில் ரேஸ் ஓடியவர். அன்று சில்லு தயாராகும் வரைக்கும் வானொலியைக் கேட்டபடியே, ஓடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதில் பாதி, சுமப்பதைப் பற்றியது.

சமதரையில் தனியாக முன்னே போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போகிறார். அவருடைய பின் சில்லுக்கு ஒரு சாண் இடைவெளியில் தன் முன் சில்லை வைத்துப் போகிறவருக்குக் காற்று குறைவு. ஆளும் சைக்கிளுமாக 78 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் போக ஏறத்தாழ 300 வாற் வலு வேண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. பின்னால் ஒளிந்து போகிறவர் மொத்த உழைப்பில் மூன்றிலொரு பங்குவரை மிச்சம் பிடிக்கலாம். அதாவது முன்னே போகிறவர் பின்னே வருகிறவரைச் சுமக்கிறார், முதுகு தொடாமல். ஒருவர் முறை மாற்றாமல் கடைசிவரை பின் சில்லிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் ஐயா அதற்குச் சொல்லும் பெயர் ‘ஓசிச் சவாரி’. ஓசி என்பதற்கு ஒரு கதை பொதுவாகச் சொல்வார்கள்: கம்பனி வேலையாகப் போகும் தபாலுக்குக் காசு இல்லை என்று காட்ட ஓ.சி.எஸ். என்று முத்திரை குத்தினார்களாம், அதிலிருந்து வந்ததாம். கதை எப்படியிருந்தாலும், ஓசிச் சவாரி என்ற தொடரைச் சைக்கிள் போட்டிக்கு ஐயா பயன்படுத்தியதைக் கேட்டபோது, அது இதற்காகவே செய்த தொடர் போலிருந்தது.

ஏற்றத்தில் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. அதே 78 கிலோ, 7 சதவீதச் சரிவு, மணிக்கு 20 கிலோமீற்றர். இப்போது 350 வாற் அளவில் வேண்டும். ஆனால் காற்றுக்குப் போவது அதில் பத்தில் ஒரு பங்குதான். மற்றதில் பெரும்பகுதி உங்கள் எடையை நீங்களே மேலே தூக்குவதற்கு. முன்னே போகிறவரின் பின்னால் ஒளிய ஒன்றுமில்லை. அவர் உங்களைச் சுமக்க விரும்பினாலும் முடியாது. எனவேதான் ஒருநாள் போட்டியில் மலை வந்தால் கூட்டம் கலைகிறது. பல நாள் போட்டியென்றால் இன்று இழந்த நிமிடத்தை நாளைக்குப் பிடிக்கலாம், இன்று அடக்கி வாசிக்கலாம். ஒருநாள் போட்டியில் நாளை இல்லை. இருப்பதையெல்லாம் எந்த ஏற்றத்தில், எந்த முடக்கில் செலவழிப்பது என்பதுதான் முழு வித்தையும்.

கொழும்பு–கண்டி வீதியை மனதில் வைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். 116 கிலோமீற்றர். நிட்டம்புவ, பஸ்யால, வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை. அதுவரை ஏறி இறங்கினாலும் கூட்டமாகப் போகலாம். பிறகு கடுகண்ணாவை. ஆளுநர் எட்வேட் பான்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையில் வெட்டிய வீதி அது. மலையைத் துளைத்து வழி செய்பவன் கையில்தான் கண்டி இராச்சியம் நிலைக்கும் என்றொரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்வார்கள். இராச்சியம் 1815 இலேயே விழுந்துவிட்டது, பாறையைக் குடைந்தது பிறகு. டோசனின் நினைவுக் கோபுரம் எழுந்த 1832 ஆம் ஆண்டிலேயே கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆக இந்த ஏற்றத்தைச் சவாரிக்காக முதலில் மூச்சு வாங்கி ஏறியவை குதிரைகள்.

அங்கே ஒரு முறை நான் போய் நின்றிருக்கிறேன். போட்டி நாள் அல்ல. இளைஞர்கள் ஐந்தாறு பேர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். குடைந்த பாறைக்குச் சற்றுக் கீழே, வீதியோரக் கட்டில் இருந்து பார்த்தேன். தூரத்தில் வரும்போது ஒரே உடலாக வந்தார்கள். கிட்ட வர வர ஆளுக்கு ஆள் இடைவெளி விழுந்தது. முன்னே போனவர் ஆசனத்தில் அசையாமல் இருந்தார், வாய் மூடியிருந்தது. இரண்டாமவர் எழுந்து நின்று மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் இடமும் வலமும் சாய்ந்தது. மூன்றாமவரின் கழுத்துச் சங்கிலி உதடுகளுக்கு இடையில் இருந்தது, கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தவரின் சட்டையின் பின்பைகள் மூன்றும் புடைத்திருந்தன. எல்லோருடைய தண்ணீர்ப் போத்தல்களும் அவரிடம்தான். மற்றவர்களைவிட நாலைந்து கிலோ அதிகம் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். என்னைக் கடக்கும்போது ஒரு சிரிப்புச் சிரித்தார்.

இவருக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிரெஞ்சில் ‘டொமெஸ்ரிக்’. வீட்டு வேலைக்காரன் என்று பொருள். 1911 ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றுப்போட்டியில் மொறிஸ் புறொக்கோ என்ற வீரர் தன் வெற்றிவாய்ப்பு போய்விட்டதென்று, காசுக்கு வேறொருவருக்குத் துணையாக ஓடினார். போட்டியை நடத்திய அன்றி டெக்ராஞ்ச் அவரை இழித்துச் சொன்ன வசைச் சொல் அது. அதே போட்டியில் பிறகு புறொக்கோ தன்னந்தனியே முன்னே போய் ஒரு நாள் ஓட்டத்தை வென்றுகாட்டினார் என்பது வரலாறு. வசை மட்டும் நின்றுவிட்டது. இத்தாலியர் ‘கிறெகாறியோ’ என்பார்கள். இலத்தீனில் மந்தை என்ற சொல்லிலிருந்து வந்தது, சாதாரணப் படையாள். பெருங்கூட்டத்துக்குப் பெயரான ‘பெலொட்டோன்’ பரவாயில்லை. நூலுருண்டை, சிறு பந்து என்ற சொல்லிலிருந்து பிறந்தது; நம் காதில் அடிக்கடி விழும் ‘பிளாட்டூன்’ அதன் தங்கை. மேலேயிருந்து பார்த்தால் சைக்கிள் கூட்டம் உருண்டையாகத்தான் சுருள்கிறது.

தமிழில் இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: சுமைதாங்கி. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் இன்றும் சில நிற்கின்றன. நெஞ்சளவு உயரத்தில் கல்லால் கட்டிய திண்டு. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், இன்னொருவர் கை உதவி கேட்காமல், சுமையை அதன்மேல் சாய்த்துவிட்டு நிமிரலாம். பக்கத்தில் மாடுகள் உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக் கல், தண்ணீர்த் தொட்டி. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டும் வழக்கம் இருந்தது. இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிற எவரோ இறக்கிவைக்க ஓரிடம். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, வேலைக்காரன் என்ற வசையை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? சைக்கிள் போட்டியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அந்த ஆளைச் சுமைதாங்கி என்று எழுதட்டும். நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

பெல்ஜியத்தில் நடக்கும் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் 1892 இல் தொடங்கியது. இன்றும் நடக்கும் பெரிய ஒருநாள் போட்டிகளில் மூத்தது என்பதால் ‘மூதாட்டி’ என்று பிரெஞ்சில் பெயர் பெற்றது. 250 கிலோமீற்றருக்கு மேல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏற்றங்கள். அவற்றில் பெயர்போன ‘லா றெடூத்’ 2 கிலோமீற்றருக்கும் குறைவு, சராசரிச் சரிவு 9 சதவீதம். றெடூத் என்றால் காவலரண். 1794 இல் அங்கே நடந்த சண்டையின் எச்சம் அந்தப் பெயர். சுமைதாங்கிகள் தங்கள் தலைவரை அதன் அடிவாரம்வரை காற்றுப் படாமல் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்கிருந்து அவர் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள வேண்டும். 2022 இல் ரெம்கோ எவனபூல் அங்கேதான் பாய்ந்து போய் வென்றார். 2024 இலும் 2025 இலும் தடே பொகாச்சார் அதே ஏற்றத்தில் அதையே செய்தார். எல்லோருக்கும் தெரிந்த இடம், எல்லோரும் எதிர்பார்த்த நேரம். என்றாலும் பின்தொடர முடியவில்லை. மலையில் தந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2025 செப்டெம்பர் 28 அன்று ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகச் சம்பியன்ஷிப் இன்னும் சுவாரசியமானது. ஆபிரிக்காவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. 267.5 கிலோமீற்றர், ஐயாயிரம் மீற்றருக்கு மேல் ஏற்றம். உலகப் போட்டியில் வீரர்கள் தங்கள் கம்பனி அணிக்காக அல்லாமல் நாட்டுக்காக ஓட வேண்டும். சுலோவேனியாவின் பொகாச்சார் நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் இருக்கும்போதே கிகாலி மலையில் வேகத்தைக் கூட்டினார். அவரோடு ஒட்டிக்கொண்டவர்கள் இருவர். ஒருவர் ஸ்பெயினின் அயூசோ, மற்றவர் மெக்சிகோவின் தெல் தோறோ. அப்போது மற்ற நாட்களில் இருவரும் அவருடைய கம்பனி அணித் தோழர்களாக இருந்தார்கள். அன்று சட்டை வேறு. முதலில் அயூசோ பின்தங்கினார், பிறகு தெல் தோறோவும். மிச்ச 66 கிலோமீற்றரையும் பொகாச்சார் தனியே ஓடி வென்றார். எவனபூல் சைக்கிளை இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தும் இரண்டாவதாக வந்தார். அயர்லாந்தின் பென் ஹீலி மூன்றாவது. தொடங்கியவர்களில் 30 பேர்தான் எல்லையைத் தொட்டார்கள். நடுநிசி தாண்டும்வரை அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் தேடியது கடைசியாக வந்தவர்களை, தங்கள் தலைவர்களுக்காக முதல் நூறு கிலோமீற்றரில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, வீதியோரத்தில் சைக்கிளை விட்டு இறங்கியவர்களை. ஒளிப்படக் கருவி அவர்களைக் காட்டவில்லை.

கொட்டாஞ்சேனைக் கடையில் வர்ணனை முடியும்போது என் சில்லும் சரியாகிவிட்டது. ஐயா வானொலியைக் குறைத்தார். அவரும் ஒருமுறை கொழும்பிலிருந்து கண்டிவரை ஓடிய கதையை அப்போதுதான் சொன்னார்.

“எங்க டீம்ல நல்லா ஓடக்கூடியவன் ஒருத்தன் இருந்தான் தம்பி. மலை ஏறுறதுல அவன அடிக்க ஆள் இல்ல. என்னோட வேல அவனக் கடுகண்ணாவ வரைக்கும் காத்துப் படாம கொண்டுபோய் விடுறது. மாவனல்ல தாண்டினதும் அவனுக்கு முன் சில்லு காத்துப் போயிருச்சு. நான் இறங்கி என் சில்லக் கழட்டிக் குடுத்தேன்.”

“பிறகு நீங்கள்?”

“நான் என்ன, ரோட்டோரத்துல உக்காந்திருந்தேன். காத்துப்போன சில்ல மடியில வச்சுக்கிட்டு. ஒரு லொறிக்காரர் ஏத்திக்கிட்டு வந்தாரு.”

“அவர் வென்றாரோ?”

“மூணாவது” என்றார் ஐயா. சில்லை இன்னொரு தடவை சுழற்றி, நகத்தை விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். உரசவில்லை. அதை என் கையில் தூக்கித் தந்துவிட்டு, அடுத்த சில்லை எடுத்துத் தாங்கியில் மாட்டினார்.